அல்-புகாரின்னா எந்த ஊர்க்காரர்? ஆலிம்கள் பேரைப் பிரிச்சுப் படிக்கிறது எப்படி

போன மாசம் எங்க ராத்தா மக நிக்காஹ் பத்திரிகையை ஆபீஸ்ல கொடுத்தேன், பக்கத்து சீட்டு நண்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "ஏங்க, நிக்காஹ் ஓதறவர் பாக்கவி, துஆ ஓதறவர் மன்பஈ, வாழ்த்திப் பேசறவர் மிஸ்பாஹின்னு போட்டிருக்கே, இதெல்லாம் குடும்பப் பேரா, இல்ல ஜாதி மாதிரி ஏதாவதா?"ன்னு கேட்டார். அட, நாமே சின்ன வயசுல அப்படித்தானே நெனச்சோம்னு தோணுச்சு. அவருக்கு டீ குடிக்கிற நேரத்துல சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன், கிதாபு (அரபுப் புத்தகம்) அட்டையிலயோ வரலாற்றுப் புக்குலயோ ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள் பேரு ஒரு முழ நீளத்துக்கு வந்தா பயப்படாம பிரிக்கிறதுக்கு.

மொதல்ல ஒண்ணு பிடிச்சுக்கோங்க. நாம மதுரைக்காரர், நாகூர்க்காரர்னு சொல்றோம்ல, அந்த 'காரர்' வேலையத்தான் அரபியில கடைசில வர்ற 'ஈ' சத்தம் பார்க்குது. புகாராக்காரர் புகாரி, பஸராக்காரர் பஸரி, மிஸ்ருன்னா எகிப்து, அந்த ஊர்க்காரர் மிஸ்ரி. இதுக்குப் பேரு நிஸ்பத். நம்ம பழைய புலவர்கள் மதுரை மருதன் இளநாகனார்னு ஊரை முன்னாடி வெச்சாங்க, அவங்க பின்னாடி வெக்கிறாங்க, அவ்ளோதான்.

ஊர் மட்டும்தான் நிஸ்பத்துன்னு இல்ல, கோத்திரம் வரும், மத்ஹப் (மார்க்கச் சட்டப் பள்ளி) வரும், தரீக்கா (சூஃபி வழி) வரும், ஓதின மதரஸா வரும். பத்திரிகையில இருந்தது கடைசி வகை. பாக்கவின்னா வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்ல ஓதினவர், மன்பஈன்னா லால்பேட்டை மன்பஉல் அன்வார், மிஸ்பாஹின்னா நீடூர் மிஸ்பாஹுல் ஹுதா, தாவூதின்னா ஈரோடு தாவூதிய்யா, யூசுஃபின்னா திண்டுக்கல் யூசுஃபிய்யா. இலங்கையில நளீமின்னு பார்த்தா பேருவளை ஜாமிஆ நளீமிய்யா, 1973ல ஆரம்பிச்சது. வடக்கே போனா நத்வி லக்னோ, காஸிமி தேவ்பந்து. அஸ்ஹரி சொல்லவே வேணாம், கெய்ரோவுல 970ல கட்ட ஆரம்பிச்ச அல்-அஸ்ஹர். நம்மாளுங்க பி.இ., எம்.பி.பி.எஸ்.ன்னு பேருக்குப் பின்னாடி போடுறாங்கல்ல, ஏறக்குறைய அதே கதை.

இப்ப பெரிய பேரு ஒண்ணை எடுத்து உடைச்சுப் பார்ப்போம். ஷிஹாபுத்தீன் அபுல் ஃபழ்ல் அஹ்மத் பின் அலி பின் முஹம்மத் பின் ஹஜர் அல்-கினானி அல்-அஸ்கலானி அல்-மிஸ்ரி அஷ்-ஷாஃபிஈ. மூச்சு வாங்குதா? முன்னாடியிருந்து படிக்காதீங்க, நடுவுல இருந்து ஆரம்பிங்க. 'பின்' (இப்னுன்னும் வரும், மகன்னு அர்த்தம்) மொதல்ல எங்க வருதுன்னு தேடுங்க, அதுக்கு நேர் முன்னாடி இருக்கறதுதான் அம்மா வாப்பா வெச்ச பேரு, இங்க அஹ்மத். அதுக்கப்புறம் வர்ற அலி வாப்பா, முஹம்மத் வாப்பாவோட வாப்பா, அப்படியே மேல போய் ஹஜர்னு குடும்பத்துக்கே ஒட்டிக்கிட்ட பேருல நிக்குது, ஊரே இவரை இப்னு ஹஜர்னுதான் கூப்பிடுது. அஹ்மதுக்கு முன்னாடி '-தீன்'னு முடிஞ்சா அது பட்டம். 'அபு'ன்னு வந்தா அது குன்யத்து, இன்னாரோட தகப்பன்னு அர்த்தம், ஆனா நெஜமாவே அப்படி ஒரு பிள்ளை இருக்கணும்னு கட்டாயம் இல்ல, நபித்தோழர் அபூ ஹுரைரான்னா பூனைக்குட்டியோட தகப்பன், பூனை மேல அவருக்கு அவ்ளோ பிரியம். அப்புறம் வால்ல இருக்கிற நிஸ்பத்துங்க: கினானா கோத்திரம், அஸ்கலான் ஊர், எகிப்து நாடு, ஷாஃபிஈ மத்ஹப். அரை நிமிஷத்துல ஆளோட பாதி கதை வந்துடுச்சு பாருங்க.

இந்தப் பேரை நான் சும்மா எடுக்கல. ஒரு தடவை சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல, ஷாஃபிஈ ஃபிக்ஹுல (மார்க்கச் சட்டத்துல) பேர் போன துஹ்ஃபாங்கிற கிதாபை எழுதினது ஃபத்ஹுல் பாரிங்கிற கிதாபை எழுதின இப்னு ஹஜர்தான்னு அடிச்சு விட்டேன். அஞ்சு நிமிஷத்துல ஒரு ஹஜ்ரத் தனியா போன் பண்ணி "தம்பி, அவரு வேற இப்னு ஹஜர், இவரு வேற இப்னு ஹஜர்"னு பொறுமையா சொன்னாரு, மானம் போச்சு. ரெண்டு பேருக்கும் பேரு அஹ்மத், ரெண்டு பேருக்கும் பட்டம் ஷிஹாபுத்தீன், ரெண்டு பேரும் ஷாஃபிஈ, ரெண்டு பேரும் எகிப்துல பிறந்தவங்க, யாருக்குத்தான் குழம்பாது சொல்லுங்க. நிஸ்பத்தைப் பார்த்தா மட்டும்தான் பிரியும். புகாரி ஷரீஃபுங்கிற ஹதீஸ் கிதாபுக்கு விரிவுரையா ஃபத்ஹுல் பாரி எழுதினவர் அஸ்கலானி, ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு) 852ல கெய்ரோவுல மவுத்து, அதாவது இறந்தார். துஹ்ஃபா எழுதினவர் ஹைதமி, மக்காவுல போய்த் தங்கிட்டதால மக்கின்னும் சேரும், அவர் மவுத்து 974. அதனால பேரைப் பிரிக்கிறப்ப இறந்த வருஷத்தையும் சேர்த்தே பிடிங்க. அரபு கிதாபுல பேருக்குப் பக்கத்துல 'தா' எழுத்து ஒண்ணு தனியா நின்னு அதுக்கப்புறம் நம்பர் இருந்தா அதுதான் மவுத்தான வருஷம், நம்பருக்குப் பின்னாடி 'ஹா' எழுத்து இருந்தா ஹிஜ்ரி. ஆங்கில வருஷம் வேணும்னா 0.97ஆல பெருக்கி 622ஐக் கூட்டுங்க, 852க்கு 1448 சொச்சம் வரும், சரியான வருஷம் 1449, ஒண்ணு முன்ன பின்ன இருக்கும், நம்ம வேலைக்கு இது போதும்.

சரி, இந்த வித்தையை வெச்சு ஹதீஸ் (நபிமொழி) கிதாபுல பேர் போன ஆறையும் தொகுத்தவங்க பேரைப் பாருங்க, எனக்கு மொத தடவை பார்த்தப்ப தூக்கிவாரிப் போட்டுது. புகாரி, புகாரா, இன்னைக்கு உஸ்பெகிஸ்தான். முஸ்லிமோட முழுப் பேருல நைஸாபூரின்னு வரும், ஈரான்ல இருக்கிற நிஷாபூர். திர்மிதி, ஆமூ தர்யா நதிக்கரையில ஆப்கானிஸ்தான் பார்டரை ஒட்டி இருக்கிற திர்மித், அதுவும் உஸ்பெகிஸ்தான். நஸாயி, துர்க்மெனிஸ்தான் தலைநகர் அஷ்காபாத் பக்கத்துல இடிஞ்சு கிடக்கிற நஸா. இப்னு மாஜா கஸ்வீனி, ஈரான்ல கஸ்வீன். அபூதாவூத் ஸிஜிஸ்தானி, ஈரானும் ஆப்கானும் பங்கு போட்டுக்கிற சீஸ்தான். ஆறுல ஒருத்தர் கூட அரேபியாக்காரர் இல்ல! இதை எந்த வரலாற்று வகுப்பும் எனக்குச் சொல்லல, பேரோட வாலு சொல்லுச்சு. நீங்க தினம் கேட்கிற அல்காரிதம்ங்கிற வார்த்தையும் ஒரு நிஸ்பத்துதான், குவாரிஸ்மி. கீவா நகரம் இருக்கிற குவாரிஸ்ம் பகுதியோட பேரைச் சுமந்துகிட்டு பக்தாத் பைத்துல் ஹிக்மாங்கிற அறிவு மன்றத்துல உட்கார்ந்து கணக்குப் போட்ட மனுஷர், லத்தீன்காரங்க வாயில பேரு நசுங்கி அப்படி ஆயிடுச்சு.

சில ஊர் 'ஈ' சேர்த்தா நேரா வராது, மனப்பாடம்தான். ரய்யுங்கிற ஊர் ராஸி ஆகும், டெஹ்ரான் பக்கம். மர்வு மர்வஸி ஆகும். இன்னும் சில ஊருக்கு அரபிப் பேரே வேற: டமாஸ்கஸ் திமஷ்கி, ஸ்பெயின் கோர்டோபா குர்துபி, செவில் இஷ்பீலி, திம்பக்து திம்புக்தி, மொராக்கோவுல தான்ஜியர் தன்ஜி, ஊர் ஊராச் சுத்தின பயணி இப்னு பதூதா பேருல வர்றது அதுதான். ஒரே நிஸ்பத்துக்கு ரெண்டு ஊரும் இருக்கும், தராபுலுஸின்னா லெபனான்லயும் ஒரு திரிப்போலி, லிபியாவுலயும் ஒண்ணு, மத்த தகவலை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்.

இதுல நம்மூர் கதையே பெஸ்ட். அல்-காஹிரான்னா கெய்ரோ, அப்ப காஹிரின்னா கெய்ரோக்காரர், கரெக்ட். ஆனா ஸதக்கத்துல்லாஹ் அப்பாங்கிற ஆலிம் பேருல காஹிரின்னு பார்த்துட்டு எகிப்துல தேடாதீங்க, அவர் காயல்பட்டினம். அந்த ஊரை காஹிர் பட்டணம்னு சொல்ற வழக்கம் உண்டு, கெய்ரோவுல இருந்து வந்தவங்க குடியேறின ஊருன்னு அவங்க பரம்பரையாச் சொல்றது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் பேருல காஹிரியும் வரும், கிர்கரியும் வரும், காயல்ல பிறந்து கீழக்கரையில வாழ்ந்தவர்னு அந்த ரெண்டு வார்த்தையிலயே தெரிஞ்சு போகுது. அதே மாதிரி கேரளா பொன்னானி மக்தூம் ஸைனுத்தீன் பேருல மஅபரி, மலைபாரின்னு ரெண்டு வரும். மஅபர்னா அரபு வியாபாரிங்க நம்ம கிழக்குக் கடற்கரைக்கு வெச்ச பேரு, அங்கிருந்து மலபாருக்குப் போன குடும்பம். எங்க நன்னாவோட அலமாரியில கரையான் அரிச்ச பழைய அரபுத் தமிழ் (அரபி எழுத்துல எழுதின தமிழ்) கிதாபு ஒண்ணு கிடக்கு, அட்டையில காஹிரின்னு இருந்ததை நான் ரொம்ப வருஷம் காதிரின்னே படிச்சு, ஓஹோ முஹ்யித்தீன் ஆண்டவர் தரீக்காக்காரர் போலன்னு நெனச்சுட்டிருந்தேன். நடுவுல ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஒண்ணு ஊரு, இன்னொண்ணு தரீக்கா. கண்ணாடி போட்டுப் படிங்க.

வரிசையும் முக்கியம். பொதுவா பெருசு முன்னாடி, சிறுசு பின்னாடி, ஷாமி திமஷ்கின்னா சிரியா நாடு, அதுல டமாஸ்கஸ். ஆனா நடுவுல 'ஸும்ம'ன்னு ஒரு சொல் வந்தா அதுக்கு 'அப்புறம்'னு அர்த்தம், பக்தாதி ஸும்ம திமஷ்கின்னா மொதல்ல பக்தாத், அப்புறம் டமாஸ்கஸுக்கு வீடு மாறிட்டார். 'நஸீல்'னு போட்டா அங்க வந்து தங்கினவர். அந்தக் காலத்து ஆதார் கார்டுல அட்ரஸ் மாத்தம்னு வெச்சுக்கோங்க.

ஆனா கண்ணை மூடிட்டு நம்பிடாதீங்க, நிஸ்பத்து பழைய அட்ரஸாவும் இருக்கும். மேல சொன்ன அஸ்கலானி பிறந்ததும் கெய்ரோ மவுத்தானதும் கெய்ரோ, அஸ்கலான் அவரோட முன்னோர் ஊரு. ஸுயூத்தியும் அப்படித்தான், குடும்பம் அஸ்யூத், ஆளு கெய்ரோ. கோத்திரமும் ரத்தமா இருக்கணும்னு இல்ல, இமாம் புகாரிக்கு ஜுஃபின்னு ஒரு நிஸ்பத்து உண்டு, அது யமன் நாட்டு அரபுக் கோத்திரம், அவங்க கொள்ளுப்பாட்டனார் புகாராவுல அந்தக் கோத்திரத்து கவர்னர் கையால இஸ்லாத்துக்கு வந்ததால ஒட்டிக்கிட்டது. தொழில் பேருங்க வேற இருக்கு, அதுல பெரும்பாலும் 'ஈ' இருக்காது: கய்யாம் கூடாரம் தைக்கிறவர், ஹத்தாத் கொல்லர், வர்ராக் காகிதமும் நகலெடுப்பும், அத்தார் வாசனைச் சரக்குக்காரர், நம்ம அத்தர் அதே வேர்தான். அவரே தைச்சாரா அவங்க பாட்டன் தைச்சாரான்னு பேரை வெச்சுச் சொல்ல முடியாது.

நவவியில நெறைய பேரு வழுக்கி விழுவாங்க. ரியாளுஸ் ஸாலிஹீன் தொகுத்த இமாம் நவவி சிரியாவுல நவாங்கிற ஊர், 1277ல மவுத்து, அவர் பேரு யஹ்யா, நவவி நிஸ்பத்து. 19ஆம் நூற்றாண்டுல மக்காவுல பாடம் நடத்தின நவவி பன்தனி இருக்காரே, அவருக்கு நவவிங்கிறது வீட்ல வெச்ச பேரே, ஊரு ஜாவாவுல பன்தன். மொதல் ஆள் மேல இருந்த மரியாதையில அப்படிப் பேரு வெக்கிறது அங்க வழக்கம், நம்மூர்லயும் புகாரின்னு பிள்ளைக்குப் பேரு வெக்கிறோமே, அந்தப் பையனுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் என்ன சம்பந்தம்.

தெரியாத நிஸ்பத்து வந்தா எங்க தேடறது? அரபி வாசிக்கத் தெரிஞ்சா ஸம்ஆனியோட அன்ஸாப் இருக்கு, ஹிஜ்ரி 562ல மவுத்தான மர்வுக்காரர், நிஸ்பத்துகளை எழுத்து வரிசையில அடுக்கி எது எந்த ஊரு, யாரெல்லாம் அதுல உண்டுன்னு எழுதி வெச்சிருக்கார். ஊரைத் தெரிஞ்சுக்க யாக்கூத் ஹமவியோட முஃஜமுல் புல்தான். அரபி தெரியாதவங்க நெட்ல தேடுறப்ப தமிழ் எழுத்துல ஒரே மாதிரி எழுதி விட்டுடாதீங்க, திர்மிதி, திர்மிதீ, திர்மிஸின்னு மூணு விதமாவும் போட்டுப் பாருங்க, கஸ்ஸாலிய கஸாலின்னும் பாருங்க, கூடவே பழைய ஊர்ப் பேரோட இப்ப எந்த நாடுன்னு ஒரு வார்த்தை சேர்த்தா சீக்கிரம் கிடைக்கும். மேப்பைத் திறந்து வெச்சுக்கிட்டே செய்ங்க, ஒரு ஊரைக் கண்டுபிடிச்சா பக்கத்து ஊர்லயே இன்னும் நாலு ஆலிம் கிடைப்பாங்க.

பயிற்சிக்கு ஒண்ணு தர்றேன். இப்னு பதூதா 1340கள்ல மஅபருக்கு வந்தப்ப மதுரையில ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி, பதூதாவுக்குச் சகலை வேற. கியாஸுத்தீன் பட்டம், அது '-தீன்'லயே தெரியுது. தாமகானில வர்ற ஊரை மேப்புல தேடிப் பாருங்க, ஈரானை விட்டு வெளிய போக வேணாம்.

அப்புறம் அந்த யாக்கூத் ஹமவி, சிரியா ஹமாக்காரர்னுதானே நெனச்சீங்க? இல்ல. ரூம் தேசத்துல (பைசாந்தியப் பேரரசுல) இருந்து சின்ன வயசுல அடிமையா வந்தவர், பக்தாத்ல அவரை விலைக்கு வாங்கின வியாபாரிதான் ஹமாக்காரர். உலகத்து ஊர்களையெல்லாம் வரிசைப்படுத்தி எழுதின மனுஷருக்கு சொந்த நிஸ்பத்து முதலாளி ஊரு.