சிவப்பு அடங்கினால் ஈஸ்ட் தொற்று அடங்கிவிட்டதா?

தென்மேற்குப் பருவமழை பிடித்தால் அட்டன், நோர்வூட், மஸ்கெலியா தேயிலைத் தோட்டங்கள் பக்கம் கால் காய்வதே அபூர்வம். விரலிடுக்குத் தோல் வெள்ளையாக ஊறிப்போகும். கொழுந்து பறிக்கப் படங்கு கட்டுகிற இடுப்பில் சிவந்து அரிக்கும். பாமசியில் "அரிப்புக்கு ஒரு கிறீம் தாங்க" என்று கேட்டால் ஏதாவது ஒரு டியூப் கிடைக்கும். பூசி ரெண்டு நாளில் சிவப்பு போய்விடும், மழை விடுவதற்குள் முன்பைவிட அகலமாகத் திரும்பி வரும். இந்த அரிப்புக்குக் காரணம் ஈஸ்ட் என்ற பூஞ்சையாக இருக்கலாம். அது ஏன் திரும்பி வருகிறது என்று விளங்க, உடம்பு ஈஸ்டை எப்படி மடக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

கண்டிடா என்ற ஈஸ்ட் வெளியிலிருந்து தொற்றிய அழுக்கு என்று நினைப்பதிலேயே தவறு தொடங்குகிறது. சுகமாக இருக்கும் பலருடைய வாயிலும் குடலிலும் அது சும்மா குடியிருக்கிறது. அதன் சுவரில் பீட்டா குளுக்கன் என்றொரு பொருள் உண்டு. நம் வெண்குருதிக் கலங்களின் மேலிருக்கும் டெக்டின்-1 என்ற புரதம் அதை அடையாளம் கண்டதும் இன்டர்லியூக்கின்-1, 6, 23 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் வெளிவருகின்றன. அவற்றின் தூண்டுதலில் வேறு சில கலங்கள் இன்டர்லியூக்கின்-17ஐயும் 22ஐயும் சுரக்கின்றன.

இன்டர்லியூக்கின்-17 ஒரு ஈஸ்டைக்கூடக் கொல்வதில்லை. அந்தக் காலத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் வேலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடித்த தப்புப் பறை மாதிரிதான் அது. தப்பு கொழுந்து பறிக்காது, ஆனால் தப்பு கேட்காவிட்டால் மலைக்கு ஆள் போகாது. சமிக்ஞை கிடைத்ததும் தோலும் வாயின் உட்படலமும் டிஃபென்சின் என்ற கிருமிகொல்லிப் புரதங்களைச் சுரக்கின்றன. ஈஸ்டுக்குத் தேவையான துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இன்னொரு புரதமும் வருகிறது. நியூட்ரோபில் என்ற வெண்கலங்கள் அந்த இடத்துக்கு அழைக்கப்படுகின்றன. பிறவியிலேயே இன்டர்லியூக்கின்-17இன் ஏற்பி (அந்தச் சமிக்ஞையைப் பிடிக்கும் புரதம்) இல்லாத குழந்தைக்குத் தோலிலும் வாயிலும் ஈஸ்ட் விடாமல் தொல்லை கொடுத்ததை 2011இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இப்போது அந்த டியூபுக்கு வருவோம். கலவைக் கிறீம்கள் பலவற்றில் பெட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டாசோல் இருக்கும். இரண்டுமே வலுவான ஸ்டீரொயிட். சிவப்பும் அரிப்பும் பெரும்பாலும் அந்தச் சமிக்ஞைகளால் வருபவை. ஸ்டீரொயிட் சமிக்ஞையை அடக்குகிறது, சிவப்பு மறைகிறது, ஈஸ்ட் அங்கேயே இருக்கிறது. அதைத் தடுக்க வேண்டியவர்களுக்குத் தகவலே போகவில்லை. டொக்டர் பார்த்துச் சில நாளுக்கு எழுதிக்கொடுப்பது வேறு. கேள்விப்பட்ட டியூபை மாதக்கணக்கில் பூசுவதுதான் ஆபத்து. குழந்தையின் நெப்கின் மடிப்பில் அதைப் பூசவே கூடாது, அந்த மென்மையான தோல் மருந்தைச் சட்டென்று உள்ளிழுத்துவிடும். வாங்கும் முன் டியூபில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று பாமசிக்காரரிடம் வாசிக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், "எதிர்ப்புச் சக்தி கூட்டும்" டொனிக். சமிக்ஞை கூடினால் நல்லது என்ற கணக்கு எப்போதும் சரிவராது. பெண்ணுறுப்பில் வரும் ஈஸ்ட் தொற்றில் எரிச்சலுக்குப் பெரிய காரணமே அங்கே திரண்டு வந்தும் ஈஸ்டைக் கொல்ல முடியாமல் நிற்கும் நியூட்ரோபில்கள்தான். அங்கே இன்னும் ஆள் கூப்பிட்டு என்ன பயன்? டொனிக்குக்குக் கொடுக்கும் காசில் சீனி சோதித்துப் பார்க்கலாம். இரத்தத்தில் சீனி ஏறினால் நியூட்ரோபில்களின் வேலை மந்தமாகும். அடிக்கடி ஈஸ்ட் தொல்லை வருகிறவருக்குச் சீனி வருத்தம் இருப்பதே இந்தத் தொல்லையால் தெரியவருவதும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனைக்குக் காசும் இல்லை.

பெரியவர் ஒருவருக்குக் காரணமில்லாமல் வாயில் வெண்படலம் வந்தால் தேனும் மஞ்சளும் தடவிக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றில் சிடி-4 என்ற வெண்குருதிக் கலங்கள் குறையும்போது வாயில் தெரியும் முதல் அடையாளம் இதுவாக இருக்கலாம். நுவரெலியாக் குளிரில் இழுப்புக்கு ஸ்டீரொயிட் இன்ஹேலர் எடுப்பவர்களுக்குக் காரணம் கையிலேயே இருக்கும். அதற்காக இன்ஹேலரை நிறுத்துவது பெரிய ஆபத்து. எடுத்த பிறகு ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பினாலே பெரும்பாலும் போதும். சொரியாசிஸ் என்ற தோல் வருத்தத்துக்குச் செக்குகினுமாப் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். அந்த மருந்து இன்டர்லியூக்கின்-17Aஐ நேரடியாகத் தடுப்பதால் வாயில் ஈஸ்ட் வரலாம். பொதுவாக மருந்தில் அடங்கிவிடும். ஊசியை நிறுத்துவதா என்று டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெள்ளை படுகிறது என்றாலே ஈஸ்ட்தான் என்று தீர்மானிக்கிறார்கள். மீன் வாடையோடு தண்ணீராகப் போனால் அது அநேகமாக பக்டீரியா வேலை, ஈஸ்ட் மாத்திரைக்கு அடங்காது. மறுபக்கம், தடிமனுக்கு அன்டிபயோட்டிக் போட்ட பிறகு அரிப்பு தொடங்கினால், ஈஸ்டை அடக்கி வைத்திருந்த நல்ல பக்டீரியாக்கள் அழிந்ததுகூடக் காரணமாகலாம். கர்ப்பிணிகள் ஃபுளுகொனசோல் என்ற ஈஸ்ட் மாத்திரையைத் தாங்களாக விழுங்காமல் மிட்வைஃபிடமோ கிளினிக்கிலோ கேட்க வேண்டும். அவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் என்ற ஈஸ்ட் மருந்தைத்தான் கொடுப்பார்கள், அதைச் சொன்ன நாள்வரை வைக்க வேண்டும், அரிப்பு இரண்டாம் நாளே நின்றாலும்.