மஞ்சக் கடுதாசி கொடுப்பதற்கு முன்னால்: ஐ.பி. யாருக்கு, எப்படி?

கடன் கழுத்துக்கு வந்துவிட்டால் எங்கள் பக்கம் ஆளுக்கு ஆள் சொல்வது ஒன்றுதான்: "பேசாம ஐ.பி. போட்டு மஞ்சக் கடுதாசி குடுத்துருங்க." ஐ.பி. என்றால் 'இன்சால்வென்சி பெட்டிஷன்', கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடுகிற திவால் மனு. மஞ்சக் கடுதாசி என்று ஊரில் சொல்வது அந்தத் திவால் அறிவிப்பைத்தான். பல்லடம் பக்கம் எட்டுத் தறி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். 2022-ல் நூல் விலை தாறுமாறாக ஏறியபோது விழுந்த அடியில் எழ முடியவில்லை, நானும் ஐ.பி. போட்டேன். எது முதல், எது அடுத்தது என்று வரிசையாகச் சொல்லித்தர அன்றைக்கு ஆள் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

படி 1: கடன் யார் பெயரில்?

பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. என்றால் 2016-ம் வருட திவால் சட்டம். சென்னையில் இருக்கிற தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். குறைந்தது 1 கோடி ரூபாய் பாக்கி நின்றிருக்க வேண்டும். முன்பு 1 லட்சமாக இருந்ததை 2020 மார்ச்சில் உயர்த்திவிட்டார்கள். கம்பெனி சிறு, குறுந்தொழில் வகையில் வந்தால் 2021-ல் கொண்டுவந்த 'ப்ரீ-பேக்' வழி இருக்கிறது. அதற்கு 10 லட்சம் பாக்கி போதும். கடன் கொடுத்த வங்கிகளோடு முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டு போவது அது. நிர்வாகமும் உங்கள் கையிலேயே இருக்கும். கம்பெனியைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலச் சொந்தப் பெயரில் தொழில் செய்கிறவர்கள். 2016 சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்னும் 1920-ம் வருட மாகாண திவால் சட்டம்தான். பங்குதாரர் தொழிலும் அதில்தான். ஐ.பி. என்பது அந்தச் சட்டப்படி போடுகிற மனு. எங்கள் பக்கம் சார்பு நீதிமன்றத்தில் போடுகிறார்கள்.

படி 2: ஐ.பி. எதற்கு உதவாது?

வீட்டை அடமானம் வைத்து வங்கியில் வாங்கிய கடனுக்கு உதவாது. வங்கி, கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுக்க வழிசெய்கிற சர்ஃபாசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் விட்டு, அடமானச் சொத்தின் மேல் நடவடிக்கை எடுக்கலாம். நோட்டீஸ் வந்ததும் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள், 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். சொத்தைச் சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் கோயம்புத்தூர் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விவசாய நிலத்தை அந்தச் சட்டத்தில் எடுக்க முடியாது. ஒரே தவணையில் முடித்துக்கொள்கிறேன் என்று ஓ.டி.எஸ். கேட்பதும் இந்தக் கட்டத்தில்தான். வாயால் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கியும் கழியாது. உங்களுக்கு ஜாமீன் போட்ட மச்சானும் தப்ப மாட்டார். நீங்கள் விடுபட்டாலும் கடன்காரர் அவர் வாசலுக்குப் போகலாம். ஜாமீன்தாரரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசாமல் ஐ.பி. போடாதீர்கள்.

படி 3: பட்டியல்

நான் சறுக்கியது இங்கேதான்.

யார் யாருக்கு எவ்வளவு, அவர்கள் விலாசம், உங்களுக்கு என்னென்ன சொத்து, அதன் மதிப்பு எல்லாம் மனுவில் வர வேண்டும். சிபில் அறிக்கை வருடத்துக்கு ஒரு தடவை இலவசம், அதில் வங்கிக் கடன் மொத்தமும் வந்துவிடும். சொத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கைமாத்து, சீட்டு, புரோ நோட்டு, நூல் கடைப் பாக்கி எல்லாவற்றையும் நீளக் கணக்கு நோட்டில் கையால் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். போனில் தட்டினபோது எனக்கு நான்கு பேர் விட்டுப்போனார்கள். நோட்டில் எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்தது.

மனுப் போடுவதற்கு ஆறு வாரம் முன்னால் இரண்டு தறியை விற்று, அத்தையிடம் வாங்கியிருந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுத்துவிட்டேன். அவருடைய ஆரத்தை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது, கட்டாமல் எப்படிப் போவது? நூல் கடைக்காரரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். மனுவுக்கு முந்தின மூன்று மாதத்துக்குள், ஒருத்தருக்கு மட்டும் சலுகை காட்டுகிற நோக்கத்தில் கொடுத்த பணம் செல்லாது. மற்ற கடன்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அத்தை மஞ்சப்பையில் பணத்தைக் கொண்டுவந்து கோர்ட் வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரப்பர் பேண்ட் கூடக் கழட்டியிருக்கவில்லை. "நீ என்ன சாமி பண்ணுவே, ரூல்ஸ் அப்படி இருக்குது" என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

சொத்தை மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ சும்மா எழுதி வைப்பதும் இப்படித்தான், அதற்கு இரண்டு வருடக் கணக்கு. யார் யோசனை சொன்னாலும் செய்யாதீர்கள்.

படி 4: மனுவுக்குப் பிறகு

மனுப் போட்டதும் யாரும் நம்மைத் தொட முடியாது என்று நினைத்திருந்தேன். தப்பு. திவாலானவர் என்று கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் சொத்து, கோர்ட் நியமிக்கிற ரிசீவர் கைக்குப் போகும், அதற்குமேல் கோர்ட் அனுமதி இல்லாமல் கடன்காரர் புதிதாக வழக்குப் போட முடியாது. கைதுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு உத்தரவு வாங்க வேண்டும்.

அந்த உத்தரவிலேயே, கடனிலிருந்து விடுவிக்கக் கேட்கிற விடுவிப்பு மனுவை எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்று இருக்கும். அதை விட்டால் உத்தரவே ரத்தாகிவிடலாம். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வாய்தா பார்க்க இ-கோர்ட்ஸ் ஆப் போதும், குமாஸ்தாவுக்குப் போன் அடித்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், இலவசத் தொலைபேசி 15100. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

பிறகு சேர்த்தது: படித்துவிட்டுப் பலர் கேட்டது செக் பற்றி. கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் அது கிரிமினல் வழக்கு, ஐ.பி. அதை நிறுத்தாது. செக் வாங்கினவர் அனுப்புகிற நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு வராது. கையெழுத்துப் போட்டு வெறுமையாகக் கொடுத்த செக் எத்தனை, யாரிடம், எந்த நம்பர் என்று படி 3-ல் சொன்ன நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். கந்துவட்டிக்காரர் வீட்டுக்கு வந்து மிரட்டினால் 2003-ம் வருட கந்துவட்டித் தடைச் சட்டத்தில் போலீஸில் புகார் கொடுக்கலாம், ஐ.பி. முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.