குறைந்த பட்ஜெட்டில் எஸ்எஸ்டி: எஸ்பி ரோடு போகும் முன்னும், வாங்கி வந்த பின்னும்

ஹார்ட் டிஸ்க்கின் வேலையை வேகமாகச் செய்யும் டிரைவ்தான் எஸ்எஸ்டி. பெங்களூருவில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்பி ரோட்டில் எந்தக் கடையில் ஏறி "ஒரு எஸ்எஸ்டி கொடுங்கண்ணா" என்றாலும் முதல் கேள்வி "சாட்டாவா, என்விஎம்இயா?" என்றுதான் வரும் (எஸ்எஸ்டி கம்ப்யூட்டரோடு பேசும் இரண்டு முறைகள் அவை). அடுத்தது "எத்தனை ஜிபி?" இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் நின்றால், கடையில் எது அதிகமாகத் தேங்கியிருக்கிறதோ அதுதான் உங்கள் கைக்கு வரும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "7000" என்று வேகத்தை அச்சிட்டிருப்பதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருபவர்கள் நிறைய. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த எண்ணைத்தான் கடைசியாகப் பார்க்க வேண்டும். முதலில் மதர்போர்டு, பிறகு கொள்ளளவு, பிறகு உள்ளே இருக்கும் ஃபிளாஷ் (தகவலைச் சேமிக்கும் சில்லு) வகை, அதன் பிறகு பில்லும் வாரண்டியும். இந்த வரிசையில் போனால் பணம் வீணாகாது.

படி 1: மதர்போர்டில் என்ன ஸ்லாட் இருக்கிறது?

மதர்போர்டின் மாடல் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அதன் விவரப் பக்கத்தில் "ஸ்டோரேஜ்" என்ற பகுதியை மட்டும் படியுங்கள். எஸ்எஸ்டி மூன்று விதமாகக் கடையில் கிடைக்கும்.

ஒன்று, 2.5 அங்குல சாட்டா. தட்டையான சின்ன டப்பா, 7 மிமீ தடிமன். டேட்டாவுக்கு ஒரு கேபிள், பவருக்கு ஒரு கேபிள். வேகம் விநாடிக்குச் சுமார் 550 எம்பி, அதற்கு மேல் சாட்டாவால் முடியாது.

இரண்டு, எம்.2 சாட்டா. மதர்போர்டிலேயே நேராகச் செருகுவது; பார்க்கச் சூயிங்கம் பட்டை போல இருக்கும், ஆனால் வேகம் அதே 550தான்.

மூன்று, எம்.2 என்விஎம்இ. அதே பட்டை வடிவம், ஆனால் சாட்டாவை விட வேகமான பிசிஐஇ என்ற பாதை வழியாகப் பேசும். பிசிஐஇ 3.0 என்றால் விநாடிக்குச் சுமார் 3500 எம்பி வரை, 4.0 என்றால் சுமார் 7000 வரை.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே உருவம் என்பதால் இங்கேதான் குழப்பம் வரும். பட்டையின் தங்க நிறப் பற்களைப் பாருங்கள். ஒரே ஒரு வெட்டு இருந்தால் அது எம் கீ, என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. இன்றைய பட்ஜெட் மதர்போர்டுகள் பலவற்றில் எம்.2 ஸ்லாட் என்விஎம்இ மட்டும்தான் எடுக்கும்; சாட்டா பட்டையைச் செருகினால் அழகாக உட்காரும், பயாஸில் (கம்ப்யூட்டர் துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) மட்டும் காட்டாது. இன்னும் சில போர்டுகளில் எம்.2-வில் சாட்டா டிரைவ் போட்டால் நான்கு சாட்டா போர்ட்டுகளில் ஒன்று தானாக அணைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் காரணம் இதுவாக இருக்கலாம். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

புதிதாகக் கட்டுபவர்கள் கவனிக்க: எச்510, எச்610, ஏ520, பி450 போர்டுகளில் எம்.2 ஸ்லாட் பிசிஐஇ 3.0தான். பி550 போர்டில் முதல் ஸ்லாட் 4.0. ஆனால் நம் ஊர்ப் பட்ஜெட் பில்டுகளில் அதிகம் போகும் ரைசன் 5600ஜி பிராசசர் 3.0 மட்டுமே கொடுக்கும். ஆக, 5600ஜி போட்டுக்கொண்டு 7000 வேக டிரைவுக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் அந்த வேகம் பெட்டியிலேயே தங்கிவிடும். 4.0 டிரைவ் 3.0 ஸ்லாட்டில் ஓடாது என்றில்லை, நன்றாகவே ஓடும். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் 4.0 டிரைவையே எடுங்கள். அதற்காகப் பணம் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

இன்டெல் பி560 போர்டில் 10ஆம் தலைமுறை பிராசசர் போட்டிருந்தால், பிராசசருக்குப் பக்கத்தில் உள்ள முதல் எம்.2 ஸ்லாட் வேலை செய்யாது. டிரைவ் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திரும்ப ஓடும் முன் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள்.

எச்61, எச்81 காலத்துப் பழைய கம்ப்யூட்டருக்கு வாங்குகிறீர்களா? யோசிக்கவே வேண்டாம், 2.5 அங்குல சாட்டா. அடாப்டர் கார்டு வைத்து என்விஎம்இ போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கால பயாஸ் பெரும்பாலும் அதிலிருந்து விண்டோஸைத் துவக்காது. எச்61-இல் சாட்டா வேகமே பாதிதான், விநாடிக்கு 270 எம்பி சுற்றி வரும். அப்படியிருந்தும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுபவருக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

எதனால் என்றால், விண்டோஸ் துவங்கும்போதும் பிரௌசர் திறக்கும்போதும் கம்ப்யூட்டர் படிப்பது பெரிய ஃபைலை அல்ல. ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் முள் ஒவ்வொரு இடத்துக்கும் நகர வேண்டியிருப்பதால் இந்த வேலையில் விநாடிக்கு 1 எம்பி அளவுதான் தேறும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதில் 30 எம்பி சுற்றியும், பட்ஜெட் என்விஎம்இ 60 எம்பி சுற்றியும் கொடுக்கும். ஒன்றிலிருந்து முப்பதுக்குப் போவதுதான் பெரிய தாவல். 3500க்கும் 7000க்கும் உள்ள வித்தியாசம், பெரிய வீடியோ ஃபைலை இன்னொரு வேகமான டிரைவுக்கு மாற்றும்போது மட்டும் தெரியும்.

படி 2: எத்தனை ஜிபி?

240 ஜிபி என்று எழுதியிருப்பது விண்டோஸில் 223 என்று காட்டும். 500 என்பது 465, 1 டிபி என்பது 931. யாரும் ஏமாற்றவில்லை, கம்பெனி ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது. விண்டோஸ் 11, அப்டேட்டுகள், ஆபீஸ், பிரௌசர் எல்லாம் சேர்ந்து 50 - 60 ஜிபி போய்விடும். அதற்கு மேல் 15 சதவீதமாவது எப்போதும் காலியாக விட வேண்டும். அப்படிப் பார்த்தால் 240-இல் கைக்கு மிஞ்சுவது 130 ஜிபி அளவுதான்.

பிள்ளைகளின் பள்ளி வேலை, ஆபீஸ் வேலை, யூடியூப் என்றால் 500 போதும். கேம் விளையாடுபவர் வீட்டில் இருந்தால் 1 டிபி. 240 வாங்க ஒரே நியாயம், பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் மட்டும் அதில் இருந்து, போட்டோ, படம் எல்லாம் ஏற்கெனவே உள்ள ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும்போதுதான். விலையை ஜிபியால் வகுத்துப் பாருங்கள். சின்ன டிரைவில் ஒரு ஜிபிக்கு நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் அதிகமாக இருக்கும். 2025 கடைசியிலிருந்து ஃபிளாஷ் விலை ஏறியபடி இருப்பதால் இங்கே ரூபாய்க் கணக்கு எழுதினால் நாலு நாளில் பழசாகிவிடும். கிளம்பும் நாளன்று இரண்டு ஆன்லைன் தளங்களில் விலையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.

படி 3: டிஎல்சியா, க்யூஎல்சியா?

பணம் மிச்சப்படுத்துவதாக நினைத்து மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஃபிளாஷின் ஒவ்வொரு செல்லிலும் டிஎல்சி மூன்று பிட் வைக்கும், க்யூஎல்சி நான்கு. ஒரு பிட் கூடுவதால் செல் பிரித்தறிய வேண்டிய மின்னழுத்த நிலைகள் 8-லிருந்து 16 ஆகின்றன. எழுதுவது மெதுவாகும், ஆயுளும் குறையும்.

இதை மறைக்க, காலியாக உள்ள செல்களில் ஒரு பிட் மட்டும் எழுதித் தற்காலிகமாக வேகம் காட்டுவார்கள். அதுதான் எஸ்எல்சி கேஷ். சும்மா இருக்கும் நேரத்தில் அதை மடித்து நான்கு பிட்டாக உள்ளே தள்ளும். ஒரு க்யூஎல்சி டிரைவில் 100 ஜிபி காலி இருக்கிறது என்று வையுங்கள். அதில் கிடைக்கும் கேஷ் அதிகபட்சம் 25 ஜிபி. அல்சூரில் நடந்த கல்யாணத்தின் வீடியோ, 60 ஜிபி, பென்டிரைவில் வந்திருக்கிறது. காப்பி போட்டால் முதல் 25 ஜிபி சரசரவென்று ஏறும். பிறகு வேகம் விநாடிக்கு 100 எம்பிக்கும் கீழே விழும். ஹார்ட் டிஸ்க்கே தேவலை என்று தோன்றும். கம்ப்யூட்டரும் அந்த நேரம் திக்கும். டிஎல்சியிலும் கேஷ் தீரும், ஆனால் வேகம் இந்த அளவுக்குப் பாதாளத்துக்குப் போகாது.

பெட்டியில் எந்த வகை என்று பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். அதற்குக் குறுக்கு வழி டிபிடபிள்யூ, அதாவது வாரண்டிக்குள் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற எண். இது கம்பெனியின் விவரத் தாளில் பெரும்பாலும் இருக்கும். டபிள்யூடி புளூ எஸ்என்580, 1 டிபிக்கு 600. குரூசியல் பி3, 1 டிபிக்கு 220. முன்னது டிஎல்சி, பின்னது க்யூஎல்சி. 1 டிபிக்கு 600 சுற்றி இருந்தால் அநேகமாக டிஎல்சி. 250க்குக் கீழே என்றால் அநேகமாக க்யூஎல்சி. நடுவில் இருந்தால் சொல்ல முடியாது. கிங்ஸ்டன் என்வி2 (1 டிபிக்கு 320) போன்ற சில மாடல்களில் ஃபிளாஷ் வகையைக் கம்பெனியே உறுதி சொல்வதில்லை. ஒரு தவணையில் ஒன்று, அடுத்த தவணையில் வேறொன்று வரும்.

எண் குறைவு என்பதற்காக டிரைவ் சீக்கிரம் செத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். தினமும் 20 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 7.3 டிபி. 500 ஜிபி பி3-க்கு எல்லை 110. அதைத் தொடவே 15 வருடம் ஆகும். வீட்டுக்கு க்யூஎல்சி ஆகாது என்றில்லை. விலையில் நல்ல வித்தியாசம் இருந்து, டிரைவை முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப மாட்டீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். இருநூறு முந்நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு வேண்டாம்.

டிரைவுக்குள் தனியாக டிராம் (எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வைக்கும் வேக நினைவகம்) இருப்பது நல்லதுதான். ஆனால் பட்ஜெட் என்விஎம்இ டிரைவுகள் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்தே ஒரு சின்னப் பகுதியைக் கடன் வாங்கிக்கொள்ளும். அதனால் டிராம் இல்லாவிட்டாலும் குறை தெரியாது. சாட்டாவில் இந்த வசதி இல்லை. அங்கே டிராம் இல்லாத டிரைவ் நிரம்ப நிரம்ப மந்தமாகும்.

படி 4: கடையில்

சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் எஸ்பி ரோட்டுக்கு நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். முதல் கடையிலேயே வாங்காமல் மூன்று கடையில் விலை கேளுங்கள்; கன்னடம் தெரியாவிட்டாலும் தமிழிலேயே பேரம் பேசும் கடைகள் உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி: "கம்பெனி வாரண்டியா, கடை வாரண்டியா?" லேப்டாப்பிலிருந்து கழற்றிய சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் பட்டைகள் பெட்டி இல்லாமல் மலிவாகக் கிடைக்கும். சரக்கு நல்லதாகவே இருக்கலாம், ஆனால் கம்பெனி உங்களுக்கு வாரண்டி தராது. தவிர, அவற்றில் பல 2230, 2242 அளவு, அதாவது 30 மிமீ, 42 மிமீ நீளம். டெஸ்க்டாப் போர்டில் வழக்கமாக இருப்பது 2280. குட்டைப் பட்டையை இறுக்க ஸ்க்ரூ ஓட்டையே இருக்காது.

பெட்டியில் எம்ஆர்பி, இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருடம் கொண்ட ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள், அதில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். "பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். 18 சதவீதம் மிச்சம் என்று தோன்றும், மூன்றோ ஐந்தோ வருட வாரண்டியை அந்தப் பணத்துக்கு விற்கிறீர்கள்.

எம்.2 வாங்கினால் ஒரு எம்.2 ஸ்க்ரூவும், சாட்டா வாங்கினால் ஒரு டேட்டா கேபிளும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். டிரைவோடு இவை பெரும்பாலும் வராது. மதர்போர்டுப் பெட்டியில் இருந்த ஸ்க்ரூவும் எங்காவது போயிருக்கும்.

படி 5: பொருத்துதல்

பவர் சப்ளையை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பட்டையைச் சாய்வாக, 30 டிகிரி அளவில், ஸ்லாட்டுக்குள் தள்ளுங்கள். தங்கப் பற்கள் கிட்டத்தட்ட மறைய வேண்டும். விட்டால் மறுமுனை எழும்பியே நிற்கும், அது சரிதான். அதைக் கீழே அழுத்தி ஸ்க்ரூவை விரல் இறுக்கத்துக்குச் சற்று மேல் இறுக்கினால் போதும். அடியில் தாங்கும் பித்தளைக் குமிழ் சரியான ஓட்டையில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்; இல்லாமல் இறுக்கினால் பட்டை வளையும். போர்டில் ஹீட்சிங்க் இருந்தால் அதன் அடியில் உள்ள ரப்பர் பட்டையின் பிளாஸ்டிக் தாளை உரிக்க வேண்டும். டிரைவின் மேல் உள்ள ஸ்டிக்கரை உரிக்கக் கூடாது, வாரண்டி போய்விடும்.

படி 6: விண்டோஸ்

8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இன்ஸ்டாலரை ஏற்றுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது மற்ற எல்லா டிரைவுகளின் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் போனால் விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கும், துவக்கும் பகுதி மட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு வருடம் கழித்து அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும் நாளில் கம்ப்யூட்டர் துவங்காது.

பூட் மெனுவில் பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் "யூஇஎஃப்ஐ" என்று தொடங்குவதையே தேர்ந்தெடுங்கள். சாட்டா டிரைவ் என்றால் பயாஸில் ஏஎச்சிஐ முறை இருக்க வேண்டும், இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே. பின்னால் மாற்றினால் நீலத் திரை வரும். 11ஆம் தலைமுறை முதல் வந்த சில இன்டெல் கம்ப்யூட்டர்களில் இன்ஸ்டாலர் "டிரைவே இல்லை" என்று சொல்லும். பயாஸில் விஎம்டி என்பதை அணைத்தால் தெரியும். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டரில் அதைத் தொடாதீர்கள்.

படி 7: முதல் நாளே சோதனை

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலைத் திறங்கள். "பவர் ஆன் ஹவர்ஸ்" ஓரிரு மணி நேரமும், "டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ்" சில பத்து ஜிபியும் இருந்தால் புதுசு. 900 மணி நேரம் காட்டினால் பழையதைப் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறார்கள். அன்றே பில்லோடு போய்க் கேளுங்கள். மேலே "டிரான்ஸ்ஃபர் மோட்" வரியில் பிசிஐஇ 3.0 எக்ஸ்4 அல்லது 4.0 எக்ஸ்4 என்று வர வேண்டும். எக்ஸ்2, அதாவது நான்குக்குப் பதில் இரண்டு பாதை மட்டும், என்று காட்டினால் ஸ்லாட் மாறியிருக்கலாம். பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ கொண்டு காலி இடம் முழுவதும் ஒருமுறை எழுதிப் படித்துவிடுங்கள். போலி டிரைவ் என்றால், 1 டிபி என்று நடித்துக்கொண்டிருப்பது இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். டீஃப்ராக் (ஃபைல் துண்டுகளை ஒன்று சேர்ப்பது) செய்ய வேண்டியதில்லை. விண்டோஸின் "ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்" அட்டவணை தானாக டிரிம் (அழித்த இடம் எது என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை) அனுப்பும், அதை அணைக்காமல் விட்டால் போதும்.

எஸ்எஸ்டி சாகும்போது ஹார்ட் டிஸ்க் போலக் கடகடவென்று சத்தம் கொடுக்காது. நேற்று ஓடியது இன்று பயாஸிலேயே தெரியாது. வாரண்டியில் மாற்றித் தருவது டிரைவை மட்டும்தான், உள்ளே இருந்த போட்டோ வராது. அதனால் பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்காமல் ஒரு யூஎஸ்பி உறை வாங்கிப் போட்டு, மாதம் ஒருமுறை அதில் காப்பி எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியே வையுங்கள்.