கல்வி மேற்பார்வை ஆய்வேட்டுக்கு விருது: தேர்வுக்குழு கவனிக்க வேண்டியவை

பள்ளியில் ‘ஆய்வு’ என்றால் அதிகாரி வந்து பதிவேடுகளைப் புரட்டுவது. பல்கலைக்கழகத்தில் அதே சொல் ஆராய்ச்சியைக் குறிக்கும். இவ்விரண்டும் குழம்பாமலிருக்க, கல்வி மேற்பார்வை, கற்பித்தல் தலைமை ஆகியவற்றில் சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தேர்ந்தெடுக்க அமரும் குழு, முதலில் விருதின் எல்லையை ஒரு பத்தியில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆசிரியரின் கற்பித்தல் மேம்படுவதற்குத் தலைமையாசிரியரோ மேற்பார்வையாளரோ என்ன செய்கிறார், அது எவ்வாறு வேலை செய்கிறது என்று கேட்கும் ஆய்வேடுகளே இதற்குள் வரும். பள்ளி நிதி, கட்டடம், மாணவர் சேர்க்கை பற்றியவை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் வேறு விருதுக்கு உரியவை.

அடுத்து, தரவு யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். குழுவின் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே செலவாக வேண்டும் என்பது என் கருத்து. கல்வி ஆய்வாளர் பிலிப் ஹாலிங்கர் 1980களில் உருவாக்கிய கற்பித்தல் தலைமை மதிப்பீட்டு வினாத்தாளை இத்துறையில் பலரும் கையாள்கின்றனர். அதில் தலைமையாசிரியருக்கும் ஆசிரியர்களுக்கும் தனித்தனிப் படிவங்கள் உண்டு. தலைமையாசிரியர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணை மட்டும் நம்பி எழுதப்பட்ட ஆய்வேட்டைவிட, ஆசிரியர்களிடமும் கேட்டு, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்க முயன்ற ஆய்வேடு மேலானது. வினாத்தாளைத் தமிழாக்கியிருந்தால், அதை முன்னோட்டமாகச் சில பள்ளிகளில் சோதித்துத் திருத்தினார்களா என்பதையும் கேளுங்கள்.

மேற்பார்வை பற்றிய ஆய்வேடாக இருந்தால், ஆய்வாளர் வகுப்பறைக்குள் சென்றாரா என்பதே முதற்கேள்வி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாரிஸ் கோகனும் அவருடைய குழுவினரும் 1950களில் வளர்த்தெடுத்த, 1969இல் ராபர்ட் கோல்ட்ஹாமரின் நூல் ஐந்து கட்டங்களாக விவரித்த மேற்பார்வை முறை, வகுப்புக்கு முன் ஓர் உரையாடல், வகுப்பை உற்றுநோக்கல், குறிப்புகளைப் பகுத்தல், பின் ஆசிரியருடன் மறுபடியும் உரையாடல், கடைசியாக மேற்பார்வையாளர் தம் பணியையே மதிப்பிடுதல் என்று செல்கிறது. இவ்வுரையாடல்களின் பதிவையோ அவற்றிலிருந்து எடுத்த பகுதிகளையோ காட்டாமல் அட்டவணைகளால் நிரம்பிய ஆய்வேட்டை நான் பின்னுக்குத் தள்ளுவேன். ஆசிரியரின் பணிப்பதிவை எழுதும் அதிகாரியின் பரிந்துரையோடு வரும் ஆய்வாளரிடம் அந்த ஆசிரியர் ‘முடியாது’ என்று சொல்வது கடினம். எனவே ஆசிரியர்களின் ஒப்புதல் எப்படிப் பெறப்பட்டது என்ற பகுதியை மேலோட்டமாகக் கடந்துவிட வேண்டாம்.

வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கையையோ இதழின் தாக்கக் குறியீட்டையோ (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) தகுதியாக்க வேண்டாம்; ஆய்வாளரின் பங்களிப்பை இதழின் குறியீட்டால் அளக்கக் கூடாது என்பதை ஆராய்ச்சியை மதிப்பிடுவது பற்றி 2012இல் உருவான சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஓர் ஆய்வேட்டின் நெறியாளரே தேர்வுக்குழுவில் இருந்தால், அந்த ஆய்வேடு பேசப்படும்போது வெளியேறிவிட வேண்டும். தகுதியான ஆய்வேடு இல்லாத ஆண்டில் விருதை வழங்காமல் விடும் உரிமையையும் விதிகளிலேயே எழுதிவையுங்கள்.

பாராட்டுரையில் ‘அரும்பணி’, ‘அளப்பரிய உழைப்பு’ போன்ற சொற்களைத் தவிர்த்து, ஆய்வு எதைக் கேட்டது, எதைக் கண்டது, அது எந்தச் சூழலுக்குப் பொருந்தும் என்பதை நான்கு வாக்கியங்களில் எழுதுங்கள். வகுப்பறைகளைத் திறந்துவிட்ட பள்ளிகளுக்கும் அந்தப் பாராட்டுரையின் பிரதி ஒன்றை அனுப்பிவையுங்கள்.