உப்புக்காற்று ஊரில் முன் பிரேக் பேட் மாற்றுவது எப்படி?

பிரேக் பேட் மாற்றிக் காட்டும் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. அதிலெல்லாம் போல்ட்டைத் திருகினால் கழன்றுவிடும், பின்னை இழுத்தால் வந்துவிடும். மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி பக்கம் நிற்கிற வண்டியில் அப்படி வராது. இங்கே பேடைக் கழற்றி மாட்டுவது சின்ன வேலை. பேடுகளைச் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பர், அது நகர்வதற்கான கம்பிதான் பின். அந்தக் காலிப்பர் பின்னைத் துருவிலிருந்து மீட்பதுதான் பெரிய வேலை. அதனால் அந்த இடத்தை மட்டும் நீட்டி எழுதியிருக்கிறேன். ஸ்டெப்னி மாட்டத் தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டுதான் மற்றதைச் சொல்கிறேன்.

நான் செய்தது வேகன் ஆரில். ஸ்விஃப்ட், ஐ10 மாதிரியான சின்னக் கார்களிலும் அமைப்பு இதுதான்: ஒரே பிஸ்டன், இரண்டு பின்களின் மேல் நகரும் காலிப்பர்.

எப்போது மாற்ற வேண்டும்?

புதுப் பேடில் தேயும் பகுதி ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்து "இன்னும் நிறைய இருக்கே" என்று விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து தெரிவது வெளிப் பேடு மட்டும்தான். காலிப்பர் பின் இறுகிப்போன வண்டியில் உள்பேடு தனியாகத் தேய்ந்து தகட்டுக்கு வந்திருக்கும், வெளிப் பேடு பாதிகூடத் தேய்ந்திருக்காது. எங்கள் கரையில் இது சர்வ சாதாரணம்.

என்னென்ன வேண்டும்?

பேடு எப்போதும் இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு செட். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கம்பெனி பேடு இல்லாவிட்டால் பெயர் தெரிந்த பிராண்டாக வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் வண்டி பெயரை மட்டும் அச்சடித்து வருகிற மலிவுச் சரக்கு வேண்டாம்.

காலிப்பர் போல்ட் 12 அல்லது 14 மி.மீ. ஆக இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும். ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோதான் போட வேண்டும். துருப்பிடித்த போல்ட் தலையில் ஓப்பன் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் முனை மழுங்கிவிடும்.

பிஸ்டனை உள்ளே தள்ள என்று தனிக் கருவி விற்கிறார்கள். தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் "காக்கா, ஆறு இஞ்ச் சி-கிளாம்ப் இருக்கா?" என்று கேட்டு வாங்கினால் போதும்.

அப்புறம் ஒயர் பிரஷ், உப்புத்தாள், பிரேக் கிளீனர், சிலிக்கான் கிரீஸ். இந்தக் கடைசிச் சாமானில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. போட் எஞ்சினுக்கு வாங்கிய கிரீஸ் டப்பா வீட்டில் இருக்கும், கை தானாக அதற்குப் போகும். அது பெட்ரோலியக் கிரீஸ். பட்டால் பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் ஊதிப் பெருத்துப் பின்னைக் கவ்விக்கொள்ளும்.

தூக்குவதும் கழற்றுவதும்

ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்துங்கள். முற்றம் மணலாக இருந்தால் ஜாக்கி ஏற ஏறப் புதையும். அகலமான தடித்த பலகை போட்டு அதன் மேல் ஜாக்கியை வையுங்கள், வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டையும் அப்படியே. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் கல்லை அடுக்குவதும் வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள்.

நட்டெல்லாம் எடுத்தும் சக்கரம் வரவில்லை என்றால் ஹப்போடு துரு ஒட்டியிருக்கிறது. நட்டுகளை இரண்டு மரை மட்டும் திரும்ப மாட்டிக்கொண்டு, ஸ்டாண்டில் நிற்கும் வண்டி ஆடாத அளவில், டயரை உள்ளங்கையால் மாறி மாறித் தட்டுங்கள்.

காலிப்பர் வெளியே பார்க்கும்படி ஸ்டீயரிங்கை ஒடியுங்கள். எதையும் தொடும் முன் போனில் நாலு படம். ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகே அடுத்த பக்கம். குழம்பினால் பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி இருக்கும்.

பானெட்டில் பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து வையுங்கள். ஆயில் மேல் கோடு வரை இருந்தால், சுத்தமான சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் மேலேறி வழியும், வழிந்த இடத்தில் பெயிண்ட் உரியும்.

இரண்டு காலிப்பர் போல்ட்டையும் எடுங்கள். கீழ் போல்ட்டை மட்டும் எடுத்து காலிப்பரை மேலே மடக்கினால் பேடு மாற்றிவிடலாம், வீடியோக்களில் அப்படித்தான் செய்வார்கள். நமக்கு அது ஆகாது, மேல் பின்னையும் பார்த்தாக வேண்டும். போல்ட்டோடு பின்னும் சேர்ந்து சுற்றினால், பின்னின் தட்டையான பகுதியை மெல்லிய ஓப்பன் ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் அந்த ஸ்பேனர்.

கழன்ற காலிப்பரை, அதற்குப் பிரேக் ஆயில் வரும் ஓஸில் தொங்கவிடாதீர்கள். வலைக்கயிறு ஒரு முழம் எடுத்து சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் தூசியை வாயால் ஊதவே கூடாது. ஈரத் துணியால் துடையுங்கள்.

பின்: இங்கேதான் நேரம் போகும்

விரலால் பிடித்தால் பின் உள்ளேயும் வெளியேயும் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பெரும்பாலும் அசையாது. அசையாத பின்னை நேராக இழுக்காதீர்கள். இழுத்தால் பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் உறை, அதாவது பூட்தான் கிழியும். பூட் உதட்டை நைசாக விலக்கி, துரு இளக்கும் ஸ்ப்ரேயை இரண்டு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஸ்பேனரால் இடமும் வலமும் திருகுங்கள். முதலில் மயிரிழைதான் நகரும். திருகத் திருக, காப்பிப்பொடி நிறத்தில் குழம்பு வெளியே வரும். நன்றாகச் சுற்ற ஆரம்பித்த பிறகு, சுற்றிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். நெருப்புக் காட்டுவது வேண்டாம், ரப்பர் கருகிவிடும்.

வந்த பின்னைக் கிளீனரில் கழுவி, நைஸ் உப்புத்தாளால் துருவை எடுங்கள். நகத்தால் தடவிப் பார்க்கும்போது குழி தட்டினால் அந்தப் பின் இனி ஆகாது, பின் கிட் வாங்கி மாற்றுங்கள். பூட் கிழிந்திருந்தாலும் அப்படியே: கிழிசல் வழியாக உப்பு ஈரம் உள்ளே போகும், போட்ட கிரீஸ் வீண். துளையின் உட்புறத்தை, குச்சியில் சுற்றிய துணியைக் கிளீனரில் நனைத்துத் துடையுங்கள். ஸ்ப்ரே எண்ணெய் துளியும் மிஞ்சக் கூடாது.

சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். துளை நிறைய அப்பினால் பின்னை உள்ளே தள்ளும்போது காற்று அடைபட்டு, விட்டதும் வெளியே வரும். பூட் உதட்டை ஒரு விரலால் தூக்கினால் காற்று போய்விடும்.

இன்னொரு இடம், பலர் பார்க்காதது: பேடின் காதுகள் உட்காரும் பிராக்கெட். அதன் மேலுள்ள எவர்சில்வர் கிளிப் பளிச்சென்று இருக்கும், கிளிப்புக்கு அடியில் துரு உப்பி அதைத் தூக்கியிருக்கும். கிளிப்பைக் கழற்றி, பிராக்கெட்டை ஒயர் பிரஷால் வெறும் இரும்பு தெரியும் வரை தேய்த்த பிறகு மாட்டுங்கள். புதுப் பேடு விரலால் தள்ளினால் உட்கார வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் துரு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

மாட்டுவது

பழைய பேடைப் பிஸ்டன் முகத்தில் வைத்து சி-கிளாம்ப்பை மெதுவாக முறுக்குங்கள். பிஸ்டன் முழுதும் உள்ளே போனால்தான் தடித்த புதுப் பேடின் மேல் காலிப்பர் ஏறும். போகாமல் அடம்பிடித்தாலோ, பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசிந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டிஸ்க் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கும் மாற வேண்டும். தேய்மானத்தைச் சொல்லும் சின்னத் தகடு உள்ள பேடு, பழையது இருந்த அதே பக்கம். கிரீஸ் பட்ட கையால் பேடு முகத்தையோ டிஸ்க்கையோ தொடாதீர்கள். போல்ட் இறுக்கத்துக்கு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவு, அளந்து இறுக்க டார்க் ரெஞ்ச்.

மறு பக்கமும் முடித்து, வண்டியை இறக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பே பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் சில மிதி தரை வரை போகும். இதை மறந்துவிட்டுக் கியர் போட்டால் வண்டி நிற்காது. பிறகு ஆயில் அளவைப் பார்த்து, மூடியில் எழுதியுள்ள டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலையே ஊற்றி மூடுங்கள். ஓஸைக் கழற்றவில்லை என்பதால் பிரேக் ஆயிலிலிருந்து ஏர் எடுக்க வேண்டியதில்லை. பெடல் அப்படியும் பஞ்சு மாதிரி இருந்தால் ஓட்டாதீர்கள்.

ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, விட்டு, எட்டுப் பத்து தடவை செய்யுங்கள். ஒருமுறைகூட முழுதாக நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள். பேடு டிஸ்க்கில் படிவதற்கு இது.

பிறகு சேர்த்தவை

இரண்டு காலிப்பர் பின்னும் ஒன்றா என்று படித்தவர்கள் கேட்டிருந்தார்கள். பல வண்டிகளில் இல்லை. ஒன்றின் நுனியில் ரப்பர் வளையமோ தட்டையான வெட்டோ இருக்கும். மேல் கீழ் மாறினால் மறுபடி இறுகும். கழற்றும்போதே குறி போட்டு வையுங்கள்.

காலையில் டிஸ்க் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறதே என்று ஒரு தங்கை பயந்திருந்தார். ராத்திரி ஈரக்காற்றில் வருகிற மேல் துரு அது. இரண்டு பிரேக்கில் போய்விடும்.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு, விருந்தாளி வந்தால் தனுஷ்கோடிக்குப் போகாத வண்டி கிடையாது. கச்சான் காற்று (மேல்காற்று) நாளில் மணலும் உப்பும் நேராகச் சக்கரத்துக்குள் போகிறது. திரும்பி வந்ததும் வீல் உட்புறத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், ஆனால் உவர் போர் தண்ணீரில் வேண்டாம். கூட்டுக் குடிநீர்ச் செலவாகிறது என்று வீட்டில் திட்டு விழும். ஒரு குடம் போதும், திட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.