கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம்: எங்கே சறுக்குகிறோம்?

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கி அம்மாப்பேட்டை, குகை, அன்னதானப்பட்டி என்று ஊரெல்லாம் பண்டிகைதான். கூடவே இலவச மருத்துவ முகாம் பேனர்களும் முளைக்கும். பள்ளிவாசல், சர்ச் வளாகங்களிலும் அவ்வப்போது நடக்கிறது. கூட்டம் தானாகக் கூடுகிற இடம், யோசனையில் பழுதில்லை. ஆனால் முக்கால்வாசி முகாம் அன்று சாயங்காலம் நாற்காலி அடுக்குவதோடு முடிந்துவிடுகிறது.

பெரிய தவறு அதுதான். சீட்டில் 'பி.பி. 170/100' என்று எழுதி, கீழே 'ஜி.எச். செல்லவும்' என்று ஒரு வரி போட்டுக் கொடுக்கிறோம். வாங்கிப் போனவர் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை வளாகத்தில் ஓ.பி. சீட்டு எங்கே, ரத்தப் பரிசோதனை எங்கே என்று தெரியாமல் ஒரு காலைப்பொழுது அலைந்தவர், ஒருநாள் கூலியையும் விட்டுவிட்டு மறுபடி போவாரா? கோயில் கமிட்டியிலோ ஜமாத்திலோ கூடப் போய்வர ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த முகாமைவிட அதற்குப் பலன் அதிகம். சர்க்கரை, பி.பி. மாத்திரைக்காக மாதாமாதம் அங்கே நிற்கவும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். சம்மதம் கேட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

மைக் மோகத்தையும் கொஞ்சம் குறைக்கலாம். காசநோய்க்குச் சளி கொடுத்தவரைப் பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டால், அவர் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரமாட்டார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிற நோய், அரசில் சிகிச்சையும் இலவசம். வெட்கப்பட்டே விட்டுவிடுவார்.

அடுத்தது, பூசாரியோடு மல்லுக்கு நிற்பது. மனநிலை சரியில்லாதவரை மந்திரிக்கக் கூட்டிவரும் குடும்பத்திடம் 'இதெல்லாம் மூடநம்பிக்கை' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கம் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் தப்பி ஓட முடியவில்லை. அதற்காகக் கும்பிட வருகிறவர்களை விரட்ட முடியுமா? 'திருநீறு பூசிக்கோ, மாத்திரையையும் நிறுத்தாதே' என்று பூசாரி வாயாலேயே சொல்லவைப்பதுதான் சாமர்த்தியம். மனநல ஆலோசனைக்கான 14416 எண்ணை அவரிடமே எழுதிக் கொடுங்கள்.

விரதம், நேர்த்திக்கடன் விஷயத்தில் கடைசி நாளில் அறிவுரை சொல்வது வீண். சர்க்கரை முற்றியவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும்; பூமிதியில் பட்ட சூடு உறைக்காது, புண் வந்தபிறகுதான் தெரியும். காப்புக் கட்டும்போதே சொல்லிவிட வேண்டிய சேதி இது. ரம்ஜானும் அப்படித்தான். இன்சுலின் போடுகிறவர் ஒன்றரை மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். நோயாளிகளுக்குச் சலுகை உண்டு என்று குர்ஆனே சொல்கிறது (2:184). அதை இமாம் ஜும்மாவில் சொன்னால் எடுபடும்; நாம் நோட்டீஸ் அடித்தால் யார் படிப்பார்கள்?

ஏற்காட்டுக்குக் கீழ்நாட்டுக் கணக்கு ஒத்துவராது. காபிப் பழம் பறிக்கிற சீசனில் வேலை நாளில் முகாம் போட்டால் டாக்டரும் பேனரும் மட்டும்தான் இருப்பார்கள். சேர்வராயன் கோயிலில் மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமத்து ஜனங்கள் கூடுவார்கள். எஸ்டேட் பக்கம் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்த நேரம் தோது. ஊர்க்கவுண்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள், சபைக்காரர்களிடமும்தான். அப்புறம், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வர வேண்டியவருக்கு வண்டி யார் தருவது, கூட யார் வருவது என்பதை முகாமுக்கு முன்பே முடிவுசெய்யுங்கள்.

டாக்டர் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசையும் போடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கார்டு இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸ் போகவேண்டும். பலர் தடுக்கி நிற்பது வருமானச் சான்றில்தான். விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒரு காலேஜ் பிள்ளையை அந்த மேசையில் உட்காரவைத்தால் போதும்.