டேப்பை மவுண்ட் செய்யும் முன்: மெயின்பிரேமில் இருப்பையும் அணுகல் உரிமையையும் சரிபார்க்கும் முறை

இசட்/ஓஎஸ் என்ற இயங்குதளம் ஓடும் மெயின்பிரேமில், டேப்பைப் பயன்படுத்தும் ஒரு ஜாப் (கணினி ஓட்டும் ஒரு வேலை) பிழையோடு விழுந்தவுடன், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பலர் அதே ஜாப்பை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு முன் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். அந்த டேப்பும் அதைப் படிக்கும் டிரைவும் இப்போது கிடைக்குமா? கிடைத்தால், இந்த ஜாப் அதைத் தொட அனுமதி பெற்றிருக்கிறதா?

முதல் கேள்விக்கு ஜாப்பின் ஒரு படி தொடங்கும்போதே, சாதனங்களை ஒதுக்கும் கட்டத்தில் விடை தெரிந்துவிடும். இரண்டாவது கேள்விக்கான விடை, நிரல் கோப்பைத் திறக்கும் கணத்தில்தான் வரும். ஆபரேட்டரின் திரையான கன்சோலில் வரும் செய்தியின் முதல் மூன்று எழுத்துகளே பாதி கதையைச் சொல்லிவிடும். ஐஇஎஃப் என்று தொடங்கினால் பெரும்பாலும் ஒதுக்கீட்டுச் சிக்கல். ஐசிஎச் என்றால் பாதுகாப்பு மென்பொருளான ரேக்ஃப் பேசுகிறது. ஐஇசி என்றால் கோப்பைத் திறக்கும்போதோ மூடும்போதோ படிக்கும்போதோ ஏதோ நடந்திருக்கிறது. இந்தப் பழக்கம் ஒன்று வந்துவிட்டாலே தவறான குழுவுக்குத் தொலைபேசி செய்வது பெரிதும் குறையும்.

கீழே உள்ள படிகள் செலவு குறைந்த சோதனையிலிருந்து செலவு கூடிய சோதனைக்குப் போகின்றன. முதல் ஐந்தில் எந்த டேப்பும் டிரைவில் ஏறாது, அதாவது மவுண்ட் ஆகாது. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டுக்கு "ப்ராட்.பேரோல்.மாஸ்டர்.பேக்கப்" என்ற டேட்டாசெட்டை (மெயின்பிரேமில் கோப்புக்கு வழங்கும் பெயர் இது) வைத்துக்கொள்வோம்.

படி 1: கேட்டலாக் என்ன சொல்கிறது?

எந்த டேட்டாசெட் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் கேட்டலாக். பயனர்கள் கட்டளை கொடுக்கும் திரையான டிஎஸ்ஓ-வில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

லிஸ்ட்கேட் என்ட்ரீஸ்('ப்ராட்.பேரோல்.மாஸ்டர்.பேக்கப்') ஆல்

விடையில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று வால்யூம் (இங்கே ஒரு டேப்) வரிசை எண். வால்சர் என்று எல்லோரும் அழைக்கும் ஆறு எழுத்துப் பெயர். இரண்டாவது சாதன வகை. மூன்றாவது கோப்பு வரிசை எண். ஒரே டேப்பில் பல கோப்புகள் அடுத்தடுத்து இருக்கலாம் என்பதால் இது தேவை. வால்சர் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும், அதே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து டேப்புகளில் நீளும் பேக்கப்பில் நான்காவது காணாமல் போயிருந்தால், முதல் டேப் நலமாக இருப்பதால் ஒரு பயனும் இல்லை.

வால்சர் இருக்கும் இடத்தில் மைக்ராட் என்று இருந்தால் பாதை மாறுகிறது. பயன்படாத டேட்டாசெட்டுகளை நகர்த்தி வைக்கும் மென்பொருளான எச்எஸ்எம் அந்த டேட்டாசெட்டை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டது என்று பொருள். அது டேப்பிலும் இருக்கலாம், வட்டிலும் இருக்கலாம். எச்லிஸ்ட் கட்டளையால் இருப்பிடத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப அழைக்கும் வேலையை எச்எஸ்எம்மிடமே விட்டுவிடுங்கள்.

படி 2: டேப் மேலாண்மைப் பதிவு

கேட்டலாக்கில் பெயர் இருப்பதை வைத்து டேப்பில் தரவு இருப்பதாக நம்பிவிடக் கூடாது. கேட்டலாக் ஒரு முகவரிப் புத்தகம் மட்டுமே. அந்த முகவரியில் இன்னும் அதே ஆள் குடியிருக்கிறாரா என்பது டேப் மேலாண்மை மென்பொருளுக்குத்தான் தெரியும். ஐபிஎம்மின் ஆர்எம்எம்மை வைத்து விளக்குகிறேன். வேறு மென்பொருள் உள்ள இடங்களிலும் இதே விவரங்களைத்தான் தேட வேண்டும். படி 1-இல் கிடைத்த வால்சர் டி00417 என்று வைத்துக்கொள்வோம்.

ஆர்எம்எம் லிஸ்ட்வால்யூம் டி00417 ஆல்

நிறைய வரிகள் வரும். முதலில் நிலையைப் பாருங்கள். மாஸ்டர் அல்லது யூசர் என்றால் டேப்பில் யாருக்கோ சொந்தமான தரவு இருக்கிறது. இனிட் என்றால் டேப் இன்னும் துவக்கப்படக் காத்திருக்கிறது. ஸ்கிராட்ச் என்றால் புதிய தரவை எழுத யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் தேடும் டேப் ஸ்கிராட்ச் நிலையில் இருந்தால், அடுத்த வரியைப் படிக்கும் முன் சேமிப்பக நிர்வாகியை அழையுங்கள். நிலை மாறியதால் மட்டும் தரவு அழிந்துவிடுவதில்லை. மேலெழுதும் வரை காந்தப் பூச்சில் அது அப்படியே இருக்கும். ஆனால் அடுத்து வரும் ஏதோ ஒரு ஜாப் "வெற்று டேப் வேண்டும்" என்று கேட்டால் இதுவே மவுண்ட் ஆகலாம். இந்த வேலையில் உண்மையிலேயே நிமிடங்கள் முக்கியமாகும் இடம் இது ஒன்றுதான். பல இடங்களில் டேப்தான் கடைசிப் பிரதி. மற்ற சோதனைகள் காத்திருக்கலாம்.

அடுத்து காலாவதித் தேதியைப் பாருங்கள். இன்று படிக்க முடிகிற டேப் நாளை காலை பராமரிப்பு ஜாப் ஓடியபின் ஸ்கிராட்ச் ஆகிவிடலாம். தணிக்கைக்காகவோ மீட்புக்காகவோ டேப்பைத் தேடுகிறீர்கள் என்றால் தேதியை நீட்டிக்கும் கோரிக்கையை இப்போதே அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, டேப்பில் உள்ள டேட்டாசெட்டின் முழுப் பெயரை கேட்டலாக்கில் பார்த்த பெயருடன் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் டேப் ஏற்கனவே வேறு தரவுக்குக் கைமாறிவிட்டது. கேட்டலாக்கில் இருப்பது பழைய பதிவு. அந்தப் பேக்கப்பின் வேறு தலைமுறையையோ வேறு பிரதியையோ தேட வேண்டியதுதான்.

படி 3: கார்ட்ரிட்ஜ் எங்கே இருக்கிறது?

கார்ட்ரிட்ஜ் என்பது டேப் அடங்கிய பெட்டி. படி 2-இல் வந்த அதே விடையில் இப்போதைய இடம், சேர வேண்டிய இடம், வழியில் இருக்கிறதா என்ற மூன்று விவரங்கள் உண்டு. வெளிப் பெட்டகத்துக்கு அனுப்பிய டேப்பை எந்தக் கட்டளையாலும் வரவழைக்க முடியாது. ஒரு மனிதர் எடுத்து வர வேண்டும். ஜாப்பை ஓட்டுவதற்கு முன்பே அந்தக் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள்.

தானியங்கி லைப்ரரியில் இருந்தால் கன்சோலில் இப்படிக் கேட்கலாம்:

டி எஸ்எம்எஸ்,வால்(டி00417)

டேப் எந்த லைப்ரரியில் இருக்கிறது, பிரைவேட்டா (தரவு உள்ளது) ஸ்கிராட்ச்சா, எந்தச் சேமிப்புக் குழுவைச் சேர்ந்தது, எழுதத் தடை உள்ளதா என்று இது காட்டும். லைப்ரரியே ஆன்லைனில் இருக்கிறதா என்று பார்க்க வாலுக்குப் பதில் லிப் என்றும் லைப்ரரியின் பெயரும் கொடுத்து, இறுதியில் டீடெயில் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்எம்எம் ஸ்கிராட்ச் என்றும் லைப்ரரி பிரைவேட் என்றும் முரண்பட்டால் நீங்களே சரிசெய்ய முனைய வேண்டாம். இரண்டு விடைகளையும் நகலெடுத்து நிர்வாகிக்கு அனுப்புங்கள்.

டிஎஸ்7700 போன்ற மெய்நிகர் டேப் அமைப்பில் கார்ட்ரிட்ஜ் என்பது வட்டுக் கேஷில் (வட்டில் உள்ள தற்காலிகச் சேமிப்பில்) உள்ள ஒரு பிம்பம். கேஷில் இருந்தால் மவுண்ட் உடனே முடியும். கேஷிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தால் பின்னணியில் உள்ள உண்மையான டேப்பிலிருந்து மீட்டுக் கொண்டுவர வேண்டும். ஜாப் அதுவரை அசையாமல் நிற்கும். அந்தத் தாமதத்தைக் கோளாறு என்று நினைத்து ஜாப்பை ரத்து செய்துவிடாதீர்கள். லைப்ரரி ரிக்வெஸ்ட் கட்டளையில் எல்வால் என்பதையும் வால்சரையும் கொடுத்தால் பிம்பம் கேஷில் உள்ளதா என்று தெரிந்துவிடும்.

படி 4: படிக்கும் டிரைவ் இருக்கிறதா?

டி யூ,டேப்,ஆன்லைன்

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு டிரைவின் முகவரி, வகை, நிலை, ஏறியிருக்கும் வால்சர் ஆகியவை வரும். நிலையில் ஏ என்றால் அந்த டிரைவ் ஏதோ ஒரு ஜாப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஓ என்றால் ஆன்லைனில் சும்மா இருக்கிறது. ஆன்லைன் என்ற சொல்லுக்குப் பதில் ஆஃப்லைன் என்று கேட்டால் அணைத்து வைத்திருப்பவை தெரியும். அவற்றில் ஒன்றை வேரி கட்டளையால் உயிர்ப்பிக்கும் முன், அது ஏன் ஆஃப்லைனில் இருக்கிறது என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். பழுதுபார்ப்புக்காக நிறுத்தி வைத்திருக்கலாம். பக்கத்துச் சிஸ்டம் அதைப் பயன்படுத்திக்கொண்டும் இருக்கலாம்.

காலியான டிரைவ் கிடைத்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. தலைமுறைப் பொருத்தம் வேண்டும். ஐபிஎம்மின் 3592 டேப் குடும்பத்தின் முதல் கார்ட்ரிட்ஜான ஜேஏ வகையை டிஎஸ்1140 டிரைவ் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. அடுத்து வந்த டிஎஸ்1150 அதைப் படிக்கவும் செய்யாது. பழைய டேப்புகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் டிரைவ்களை மாற்றும்போது இதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். டேப் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் சாவி மேலாளரும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சாவி இல்லையென்றால் கார்ட்ரிட்ஜ் கையில் இருந்தும் தரவு இல்லாததற்குச் சமம்.

டேப் ஏற்கனவே வேறொரு ஜாப்பின் கையில் இருந்தால் என்ன ஆகும்? ஜாப்பை எழுதும் மொழியான ஜேசிஎல்லில் டிஸ்ப்=எஸ்எச்ஆர் (பகிரலாம்) என்று கொடுத்திருந்தாலும், ஒரே டேப் வால்யூமை ஒரே நேரத்தில் இரண்டு ஜாப்புகள் பகிர முடியாது. யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அறிய:

டி ஜிஆர்எஸ்,ரெஸ்=(சிஸ்சட்வால்ஸ்,டி00417)

டிரைவ் பற்றாக்குறை ஏற்பட்டால் ஐஇஎஃப்238டி என்ற செய்தி ஆபரேட்டரிடம் சாதனத்தின் பெயரையோ, வெயிட், கேன்சல் என்ற விடைகளில் ஒன்றையோ கேட்கும். வெயிட் என்றால் அடுத்து ஹோல்டா நோஹோல்டா என்று கேள்வி வரும். ஹோல்ட் என்றால் ஜாப் ஏற்கனவே பெற்ற சாதனங்களைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருக்கும். அந்தச் சாதனங்களுக்காக இன்னொரு ஜாப் காத்திருந்தால், அதன் டிரைவுக்காக இது காத்திருந்தால், இரண்டும் நகராது. தெளிவான காரணம் இல்லாதபோது நோஹோல்டே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

படி 5: அனுமதி இருக்கிறதா?

பலர் தம்முடைய டிஎஸ்ஓ அடையாளத்துக்கு உரிமை இருக்கிறதா என்று பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஜாப் எந்த அடையாளத்தில் ஓடப்போகிறது என்பதுதான் முக்கியம். அட்டவணை மென்பொருள் அனுப்பும் ஜாப் அதற்கென்று உள்ள அடையாளத்தில் ஓடும். அந்தப் பெயரை முதலில் கண்டுபிடியுங்கள்.

பிறகு, உங்கள் தளத்தில் எந்த வகைப் பாதுகாப்பு இயங்குகிறது என்று பாதுகாப்புக் குழுவிடம் கேளுங்கள். ரேக்ஃப் ஒரு டேப்பை மூன்று வழிகளில் காக்கலாம்: டேப்வால் என்ற வகுப்பு வால்யூம் முழுவதையும் காக்கும்; டேப்டிஎஸ்என் என்ற அமைப்பு டேட்டாசெட் பெயரை வைத்துக் காக்கும்; சிஸ்டத்தின் அமைப்புகள் இருக்கும் பார்ம்லிப்பில் டெவ்சப் என்ற உறுப்பில் டேப்ஆத்டிஎஸ்என்=யெஸ் என்று கொடுத்தாலும் பெயரை வைத்தே சோதனை நடக்கும். அதே உறுப்பில் டேப்ஆத்எஃப்1=யெஸ் என்பதும் இருந்தால், டேப்பில் உள்ள இரண்டாவது கோப்பைத் திறக்கும்போது முதல் கோப்பின் மீதான உரிமையும் பார்க்கப்படும். தன் கோப்புக்கு முழு அனுமதி இருந்தும் ஜாப் விழுந்ததற்கு இதுவே காரணமாக இருந்த சந்தர்ப்பங்கள் உண்டு.

பெயரை வைத்துக் காக்கும் இடங்களில் லிஸ்ட்டிஎஸ்டி கட்டளையும், டேப்வால் இயங்கும் இடங்களில் ஆர்லிஸ்ட் கட்டளையும் யாருக்கு எந்த அளவு உரிமை என்று காட்டும். படிக்க ரீட் போதும். எழுத அப்டேட் வேண்டும். தேவைக்கு மேல் உரிமை கேட்காதீர்கள். படிக்கும் ஜாப்புக்கு அப்டேட் கொடுத்துவிட்டால், பிழையான ஜேசிஎல் ஒன்று டேப்பை மேலெழுதும்போது தடுக்க ரேக்ஃப் முன்வராது.

ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். டேப்பின் தலைப்பு லேபிளான எச்டிஆர்1-இல் டேட்டாசெட் பெயரின் கடைசி 17 எழுத்துகள் மட்டுமே பதிவாகின்றன. பெயர் 44 எழுத்துகள் வரை போகலாம். "ப்ராட்.பேரோல்.மாஸ்டர்.பேக்கப்", "டெஸ்ட்.பேரோல்.மாஸ்டர்.பேக்கப்" இரண்டுக்கும் ஆங்கிலத்தில் அந்தக் கடைசி 17 எழுத்துகள் ஒன்றே. டெஸ்ட் மீது மட்டும் உரிமை உள்ள ஒருவர், அந்தப் பெயரைக் கொடுத்து ப்ராட் டேப்பின் வால்சரைக் கேட்டால், லேபிள் சோதனையும், பெயரை வைத்து நடக்கும் ரேக்ஃப் சோதனையும் அவரைத் தடுக்காது. தடுப்பது டேப் மேலாண்மை மென்பொருள்தான். 44 எழுத்துகளையும் அது தன் பதிவில் வைத்திருக்கிறது. இதனால்தான் அந்த மென்பொருளை ஒதுக்கிவைத்துவிட்டுப் படிக்க வழி கேட்பவர்களிடம் நான் கடுமையாக இருக்கிறேன். லேபிளையே தாண்டிப் படிக்கும் பிஎல்பி முறைக்கு ஐசிஎச்பிஎல்பி என்ற தனி அனுமதி இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

அனுமதி மறுக்கப்பட்டால் ஐசிஎச்408ஐ செய்தி வரும். அதில் பயனர் அடையாளம், வளத்தின் பெயர், வகுப்பு, கேட்ட உரிமை, உள்ள உரிமை எல்லாம் இருக்கும். அதை முழுவதுமாகப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புங்கள். "913 என்று வந்தது" என்று பிழை எண்ணை மட்டும் எழுதினால் அவர்களும் தேட வேண்டியிருக்கும்.

படி 6: ஒரே ஒரு பதிவைப் படித்துப் பாருங்கள்

ஐஇஎஃப்பிஆர்14 நிரலை வைத்துச் சோதிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த நிரல் எந்தக் கோப்பையும் திறப்பதில்லை. ஆகவே அது வெற்றி பெற்றால் ஒதுக்கீடு நடந்தது என்று மட்டும் தெரியும். லேபிளைப் பற்றியோ உரிமையைப் பற்றியோ ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில் ஐட்கேம்ஸ் நிரலின் பிரின்ட் கட்டளையை, கவுன்ட்(1) என்று கொடுத்து ஓட்டுங்கள். டேப் மவுண்ட் ஆகும், லேபிள் சரிபார்க்கப்படும், உரிமை சோதிக்கப்படும், முதல் பதிவு அச்சாகும். உண்மையான ஜாப் ஓடும் அதே அடையாளத்தில் இதை ஓட்ட வேண்டும்.

813-04 என்ற பிழை எண்ணுடன் முடிந்தால் லேபிளில் உள்ள பெயர் நீங்கள் கொடுத்த பெயருடன் பொருந்தவில்லை. படி 2-க்குத் திரும்புங்கள்.

எழுதும் ஜாப்புக்கு முன்னால் இன்னும் இரண்டு விஷயங்கள். கார்ட்ரிட்ஜில் எழுதுவதைத் தடுக்கும் சிறிய விசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஆபரேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஇசி507டி செய்தி வந்தால், டேப்பின் காலாவதித் தேதி இன்னும் முடியவில்லை என்று சிஸ்டம் எச்சரிக்கிறது. யூ என்று பதில் சொன்னால் அதன்மேல் எழுத அனுமதித்துவிடுவீர்கள். எம் என்றால் டேப் இறக்கப்படும். டேப்பின் உரிமையாளரிடம் உறுதி பெறாதவரை எம் என்றே பதில் கொடுங்கள்.

பல டேப்புகளில் நீளும் டேட்டாசெட்டில் இந்த ஒரு பதிவுச் சோதனை முதல் வால்யூமை மட்டுமே தொடுகிறது. மற்ற ஒவ்வொரு வால்சருக்கும் படி 2-ஐயும் படி 3-ஐயும் தனித்தனியாகச் செய்துவிட்டே ஜாப்பை அனுப்புங்கள்.